குளிக்கப் பழக்கக் கடல் தாண்ட வேண்டுமா?

“தீவுக்குள்ள இருந்துகொண்டு என்ன செய்யப்போறியள்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வாங்கோ. எல்லாம் இஞ்சதான் இருக்கு.”

ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருக்கும் தாய்க்கு இந்தப் புத்தி ஓயாமல் சொல்லப்படுகிறது. ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் கதைக்கும் பெரியம்மா சொல்கிறார். திருவிழாவுக்கு வந்துபோகும் மாமா சொல்கிறார். பள்ளிக்கூடத்து ரீச்சர் சொல்கிறார். இவர்களில் ஒருவரும் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சுக்கு மறுப்புச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

எதை மறுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஓட்டிசமா இல்லையா என்று பார்க்க, காது கேட்கிறதா என்று சோதிக்க, வலிப்பு இருந்தால் மருந்து எடுக்க, வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். பிந்தாமல் போகவேண்டும். பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் இலங்கையின் அரைநகரப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடையே நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. தீவுகளுக்கு மட்டும் அந்தக் கணக்கு விலக்கு என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஆகவே வைத்தியரோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. குளிப்பது, பல் தீட்டுவது, உடுப்பது, கக்கூசுக்குப் போய்க் கழுவிவிட்டு வருவது, சோற்றைத் தானே போட்டுத் தின்பது, கடைக்குப் போய்த் திரும்புவது ஆகியவற்றைப் பழக்குவது பட்டணத்து நிலையங்களின் வேலை என்ற நம்பிக்கையோடுதான் வழக்கு. அதோடு கூடப்பிறந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு: முதலில் கதை வரட்டும், எழுத்து வரட்டும், குளிப்பையும் உடுப்பையும் பிறகு பார்க்கலாம், அதுவரை அம்மா செய்துவிடுவா. இரண்டும் பிழை. பிள்ளையின் காலத்தைத் தின்கிற பிழை.

நெடுந்தீவிலிருந்து புறப்படுவதென்றால் விடியப் படகெடுக்க வேண்டும். குமுதினியோ வடதாரகையோ, எது ஓடுகிறதோ அதில் ஒரு மணித்தியாலம் கடலில். குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று இன்னொரு மணித்தியாலம். காற்றுக் காலத்தில் படகே ஓடாத நாட்களும் உண்டு. இயந்திர இரைச்சல், டீசல் மணம், ஆள் நெருக்கம், முகத்தில் அடிக்கும் உப்புத் தண்ணீர் எல்லாம் ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குப் பெரும் வாதை. இத்தனையும் தாண்டி வந்த பிள்ளை முக்கால் மணித்தியாலம் ஓர் அறைக்குள் இருக்கிறது. பின்னேரப் படகு போய்விடுமே என்று தாய் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீடு சேர்ந்தபோது பொழுது பட்டுவிட்டது. அந்த ஒரு நாளில் வீட்டில் எத்தனை தரம் கை கழுவியிருக்கலாம், எத்தனை தரம் காற்சட்டை மாற்றியிருக்கலாம் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பயணச் சிரமம்தான் என் வாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கே நெடுந்தீவுக்குப் பாலம் போட்டாலும் நான் சொல்வது மாறாது.

லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஓட்டிசம் பற்றிய இன்றைய பேச்சு தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகளிடம் அவர் கண்ட இரண்டு பெரும் இயல்புகளில் ஒன்று, எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற பிடி. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக வந்து சேராது. சுவரில் பதித்த குழாயைத் திருகிக் கை கழுவப் பழகிய பிள்ளை, ஊரில் வாளித் தண்ணீருக்கு முன்னால் திகைத்து நிற்கும். நமக்கு இரண்டும் கை கழுவுவதுதான். அவனுக்கு அது வேறு வேலை, இது வேறு வேலை. நிலையத்துக் கொமேட்டில் இருக்கப் பழகியவன் வீட்டுக் கக்கூசில் குந்தமாட்டான். “நாங்கள் பழக்கிவிட்டோம், வீட்டில்தான் கவனிக்கிறார்கள் இல்லை” என்று கடைசியில் பழி தாயின் தலையில் வந்து விழும். பாடம் நடந்த இடம்தான் பிழை என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

கோண்டாவிலில் 2004 முதல் இயங்கும் சிவபூமிச் சிறப்புப் பாடசாலை போன்றவை செய்யும் தொண்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. தினமும் போய்வரக்கூடிய வலிகாமத்துப் பிள்ளைக்கு அது பெரும் கொடை. நெடுந்தீவுப் பிள்ளைக்கோ கோண்டாவில் வேறொரு நாடு.

தீவின் கிணற்றடியையே எடுப்போம். அங்கே குளிக்கிற தண்ணீர் வேறு, குடிக்கிற தண்ணீர் வேறு. வளவுக் கிணறு பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீர் வேறெங்கோ இருந்து குடத்திலும் கானிலும் பவுசரிலும் வரும். எந்தப் பாத்திரத்தில் இருப்பதைக் குடிக்கலாம், எதில் கால் கழுவலாம் என்பது மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். இவனுக்குத் தனியே பழக்க வேண்டும்: குடிதண்ணீர்ப் பானைக்கு மட்டும் ஒரு சிவப்பு மூடி, அதற்கென்று ஒரு செம்பு, அந்தச் செம்பு வேறொன்றுக்கும் பாவிக்கப்படாது என்று வீடு முழுவதற்கும் ஒரு சட்டம். எந்தப் பட்டணத்து நிலையத்தின் பாடத்திட்டத்தில் இது இருக்கும்?

“முதலில் கதை வரட்டும்” என்பதற்கு வருகிறேன். ஓட்டிசம் உள்ளவர்களில் கால்வாசியிலிருந்து மூன்றிலொரு பங்கினர் வரை வாய்ப்பேச்சு மிகக் குறைவாகவே வாய்க்கப்பெற்றவர்கள். கதை வந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்றால் இவர்கள் என்றைக்குக் குளிக்கப் பழகுவது? சட்டைப் பொத்தான் பூட்ட இலக்கணம் தேவையில்லை. நன்றாகக் கதைக்கிற, கணக்கில் சூரனான பிள்ளைகளும் இந்தப் பக்கத்தில் பின்தங்கி நிற்பார்கள். சிறுவயதில் ஓட்டிசம் என்று அறியப்பட்ட, அறிவுத்திறன் சராசரியை ஒட்டி இருந்த 41 பேரை ஏறத்தாழ 20 ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. யூட்டா மாநிலத்தில் நடந்தது. அவர்கள் வளர்ந்தபின் எப்படி வாழ்கிறார்கள் என்பதோடு நெருக்கமாகப் பொருந்தியது அறிவுத்திறன் எண் அல்ல, அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் திறன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலை உயிர்போலப் பிடித்திருக்கும் நமக்கு இது கசக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிள்ளையைக் கூப்பிட்டு நூறுவரை எண்ணிக் காட்டச் சொல்கிறோம். எண்ணிக் காட்டுகிற பிள்ளைக்கு எட்டு வயதாகியும் மூக்குச் சிந்தத் தெரியாது என்பதைச் சபையில் சொல்வதில்லை.

இந்த நியாயம் தமிழுக்குப் புதிதும் அல்ல. அறிவுவளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளுக்காகச் சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற மதிப்பீட்டு முறை இந்தியச் சிறப்புப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 ஆக 360 திறன்கள். சாப்பாடு, உடுப்பு, கக்கூசு, தலைவாரல், காசு, நேரம், வீட்டுவேலை, ஊருக்குள் போய்வருதல் என்று அது விரியும். வாசிப்பு, எழுத்து, எண் மூன்றும் சேர்ந்து அந்தப் பதினெட்டில் மூன்று பிரிவுதான். நம்மவர்கள் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு மிச்சம் பதினைந்தையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் எப்படிப் பழக்குவது? அதற்கு நிபுணர் வேண்டாமா? காற்சட்டையில் தொடங்கிப் பார்ப்போம்.

நாம் முதற்படியிலிருந்து தொடங்குவோம். காலை விடு, மற்றக் காலை விடு, இழு. பிள்ளை இரண்டாவது படியிலேயே தோற்கும். பள்ளிக்கூட மணி அடித்துவிடும். அம்மாவே போட்டுவிடுவார். அன்றைக்குப் பிள்ளை கற்ற பாடம், கொஞ்ச நேரம் சும்மா நின்றால் காற்சட்டை தானாக ஏறிவிடும் என்பது. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். இரண்டு காலையும் நீங்களே விட்டு, தொடை தாண்டி இழுத்து, இடுப்புக்கு நாலு விரல் கீழே நிறுத்துங்கள். அந்தக் கடைசி இழுவை மட்டும் பிள்ளையுடையது. இழுத்தான், வேலை முடிந்தது, முடித்தவன் அவன். சில நாள் போகத் தொடையில் நிறுத்துங்கள், பிறகு முழங்காலில், பிறகு கணுக்காலில். பின்னாலிருந்து முன்னுக்கு வரும் இந்த முறையைச் சிறப்புக் கல்வியில் பல பத்தாண்டுகளாகக் கையாளுகிறார்கள். இதற்கு வேண்டிய தளபாடம் இடுப்பில் இறப்பர் வைத்த காற்சட்டை ஒன்று.

குளிப்பு இதைவிடப் பெரிய பாடம். ‘தோய்’ என்று சொன்னால் ஒரு சொல். செய்யப்போனால் இருபது வேலை. துவாயை எடுப்பது, கொடியில் போடுவது, உடுப்பைக் கழற்றிக் கூடைக்குள் போடுவது, கோப்பையால் அள்ளுவது, தலையில் வார்ப்பது, சவர்க்காரத்தைக் கையில் உரஞ்சுவது, அதை வயிற்றுக்குப் போடுவது என்று ஒவ்வொன்றும் தனிப்படி. கிணற்றில் வாளி விடுவது கடைசிப் பாடம். முதலில் நிரப்பி வைத்த பேசின் போதும். எத்தனை கோப்பை வார்ப்பது? ‘சவர்க்காரம் போகுமட்டும்’ என்றால் இவனுக்கு விளங்காது. பத்து என்றால் விளங்கும். ஒரு சிரட்டையில் பத்துச் சிப்பி வையுங்கள். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு சிப்பி பக்கத்துச் சிரட்டைக்கு மாறட்டும். முதற் சிரட்டை வெறுமையானால் குளிப்பு முடிந்தது. எரிக் ஷொப்ளரின் முயற்சியால் வட கரோலினா மாநிலம் ஓட்டிசம் உள்ளவர்களுக்காக 1972இல் தொடங்கிய ‘டீச்’ திட்டத்தின் அடிப்படையும் இதுதான்: செய்ய வேண்டியது இடப்பக்கம், முடித்தது வலப்பக்கம், எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உடுப்பு மாற்றவும் இப்படியே செய்யலாம். அங்கே பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள், இங்கே பனையோலைக் கடகம் இரண்டு வைத்தால் ஒன்றும் குறையாது.

இந்தப் பாடத்துக்கு நம் வீடுகளில் பெரிய இடைஞ்சல் வறுமை அல்ல, வாய். அம்மா “கையைத் தூக்கு” என்பார். குசினிக்குள்ளிருந்து அம்மம்மா “சவுக்காரத்தைப் போடு ராசா” என்பார். வேலியால் எட்டிப் பார்க்கும் பெரியம்மாவுக்கும் ஒன்று சொல்லாவிட்டால் விடியாது. பிள்ளைக்கு இதில் பாதி வெறும் சத்தம். சொல்லிச் சொல்லிச் செய்யப் பழகிய பிள்ளை, பிறகு சொல்லாமல் செய்யாது என்பது அதைவிடப் பெரிய கேடு. கையால் கொடுக்கும் உதவியைக் குறைத்துக்கொண்டே போகலாம்: முதலில் விரல்களைப் பிடித்து, பிறகு மணிக்கட்டை, பிறகு முழங்கையைத் தொட்டு, பிறகு தோளில் ஒரு விரல், பிறகு ஒன்றுமில்லை. வாய்ச்சொல்லை அப்படி மெல்ல மெல்லக் கழற்றுவது கடினம். ஆகவே பிள்ளைக்குப் பின்னால் நின்று, கதையாமல், கையைப் பிடித்துச் செய்விக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஒரு வேலை பழக்குவது யாழ்ப்பாணத்தாருக்கு எப்பேர்ப்பட்ட தவம் என்பது எனக்கும் தெரியும்.

பிள்ளை கத்தினால் அதை அடம் என்று முடிவுகட்ட வேண்டாம். சவர்க்காரத்தின் மணமாக இருக்கலாம். புதுத் துவாயின் சொரசொரப்பாக இருக்கலாம். பழஞ்சாரத் துண்டால் துடைத்தால் அந்தக் கத்தல் நின்றுவிடக்கூடும். வாடைக் காலத்துத் தண்ணீரின் குளிராக இருக்கலாம், சட்டைக் கழுத்துக்குள் உரஞ்சும் லேபலாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் யார்? மாதம் ஒருமுறை முக்கால் மணித்தியாலம் பார்க்கிறவரா, தினமும் தோயவார்க்கிறவரா?

“அதெல்லாம் சரி, கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் பயிற்சி குடுக்க வேணுமாமே” என்பார்கள். இந்த மணித்தியாலக் கணக்கு பெரும்பாலும் ஐவார் லோவாஸின் 1987 ஆய்விலிருந்து வந்தது. 19 பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள் என்று பயிற்சி கொடுத்து, பாதிக்குக் கிட்டப் பிள்ளைகள் சாதாரண வகுப்பில் தேறினார்கள் என்று அவர் எழுதினார். அந்த முறையில் சிலவேளை தொடையில் அடிப்பதும் அடங்கியிருந்தது. மணித்தியாலத்தைச் சொல்கிறவர்கள் அடியைச் சொல்வதில்லை. எனக்கு வேண்டியது நாற்பது மணித்தியாலம் அல்ல. மூன்று நேரச் சாப்பாடு, ஒரு குளிப்பு, இரண்டு தரம் உடுப்பு, நாலைந்து தரம் கக்கூசு ஆகியவை எப்படியும் எந்த வீட்டிலும் நடந்தே தீரும். இன்றைக்கு அவை பிள்ளைக்காக நடக்கின்றன. பிள்ளையால் நடக்கட்டும் என்கிறேன்.

இதைத் தாயைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாவத்தை ஒரு தலைமுறை ஏற்கெனவே செய்திருக்கிறது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல், தாயின் அன்பில்லாமையே பிள்ளையை இப்படி ஆக்கியது என்ற பொய்யை உலகெங்கும் பரப்பியது. இப்போது அதையே புரட்டிப் போட்டு, அளவுக்கு மிஞ்சிய அன்பால் கெடுத்தாள் என்கிறோம். இரண்டும் ஒரே தடிதான். அவளால் ஏலாது, அது படித்தவர்கள் செய்யும் வேலை என்று அவளிடம் சொல்லி வைத்தது யார்? அவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

“நாங்கள் இருக்குமட்டும் நாங்கள் பார்ப்பம்” என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் என்ன செய்வீர்கள்? துணி மாற்ற அன்றைக்குத்தான் பழக்குவதா? ஒரு வருடம் முன்னரே, இரத்தம் இல்லாத காலத்திலேயே, உள்ளாடையில் வைத்து எடுத்துச் சுற்றிப் போடப் பழக்கியிருந்தால் அந்த நாளில் அவள் அலறாமல் இருப்பாள். இன்னொன்றைக் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் வந்தாலும் உடுப்பைக் கழற்றிக் கழுவிவிடும் உடம்பாக ஒரு பிள்ளையைப் பதினைந்து வயதுவரை வைத்திருந்தால், எந்தக் கை உதவிக்கு வந்த கை, எந்தக் கை கெட்ட கை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தன்னைத் தானே கழுவத் தெரிந்த பிள்ளை, கதை வராவிட்டாலும் கதவைச் சாத்தும்.

தீவில் இதைவிட அவசரமான ஒன்று தண்ணீர். அமெரிக்க இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த குவான், லீ இருவரும் 2017இல் சொன்னது: ஓட்டிசம் உள்ள 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 160 மடங்கு. இந்தப் பிள்ளைகள் சொல்லாமல் நடந்துவிடுவார்கள். தண்ணீர் பலரை இழுக்கும். நாலு பக்கமும் கடல், வளவுக்கு வளவு கிணறு உள்ள ஊரில் நமது ஒரே பதில் படலையைப் பூட்டுவது. படலை ஒருநாள் திறந்தே கிடக்கும். கிணற்றுக்குக் கட்டுக் கட்டி, மேலே கம்பிவலை போட்டு, இந்தக் கோட்டுக்கு அப்பால் அம்மா இல்லாமல் போகக்கூடாது என்று சுண்ணாம்பால் ஒரு கோடு கீறிப் பழக்குவது ஒன்று. இடுப்பளவுத் தண்ணீரில் மாமனோ தமையனோ முதுகுக்குக் கைகொடுத்து மிதக்கப் பழக்குவது மற்றது. படகில் உயிர்காப்பு அங்கியைப் போடவிடாமல் கத்துகிற பிள்ளைக்கு அதை வீட்டுத் திண்ணையிலேயே முதல்நாள் அரை நிமிடம், மறுநாள் ஒரு நிமிடம் என்று பழக்கலாம். கடற்கரையோரம் கட்டிய நிலையமானாலும் அங்கே இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

என் கட்சிக்கு எதிராக ஒரே ஒரு கனமான வாதம் இருக்கிறது. ‘வீட்டிலேயே செய்யலாம் என்று நீ எழுதினால், அரசாங்கம் கையைக் கழுவிவிட்டுப் போய்விடும். ஏற்கெனவே ஒன்றும் வராத தீவுக்கு இனி எதுவும் வராது.’ இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. வீட்டில் நடக்க வேண்டும் என்றால் தாய் தனியே செய்ய வேண்டும் என்று பொருளில்லை. ஓட்டிசம் உள்ள 65 பிள்ளைகளோடு கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பெற்றோரைப் பழக்கியவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதார ஊழியர்கள். அது குளிப்பைப் பற்றியதல்ல, பிள்ளையோடு பேச்சும் உறவாடலும் பற்றியது. ஆனால் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் மாற்றம் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சித் திட்டமும் நிபுணர் அல்லாதோர் நடத்துவதற்கென்றே அமைந்தது: ஒன்பது குழு அமர்வு, மூன்று முறை வீட்டுக்கு வருகை. வீட்டுக்கு வருகிற ஊழியர் இலங்கைக்குப் புதியவரா? 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்தவர்தானே, கிளினிக் கொப்பியோடு நம் வீட்டு வாசலுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர்! பிள்ளையின் நிறையை எழுதுகிற அதே கை, கோப்பை பிடிப்பதையும் பார்த்து எழுதலாம். அதற்கு அவருக்குப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், எரிபொருள் வேண்டும். கேட்க வேண்டியதை அங்கே கேளுங்கள்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோர் உரிமையைச் சொல்கிறது. அதை எழுதியவர்கள் படகில் ஏறியிருப்பார்களோ தெரியாது. ஊர்காவற்றுறை வைத்தியசாலைவரை வருகிற வசதி குறிகட்டுவானுக்கு அப்பால் நின்றுவிடக் கூடாது என்று கேட்பதற்கு நமக்குச் சட்டமும் உண்டு, வாயும் உண்டு. தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் மாதம் ஒருமுறை காலைப் படகில் இந்தப் பக்கம் வரட்டும். வந்தவர் வைத்தியசாலை அறையில் கதிரை போட்டிருந்து பிள்ளைகளைக் கூப்பிடாமல், ஒரு சைக்கிளிலோ ஓட்டோவிலோ வீட்டுக்குப் போகட்டும். கோவையைத் திறக்கமுன் கிணற்றடிக்குப் போகட்டும். வாளி எங்கே இருக்கிறது, கொடி பிள்ளைக்கு எட்டுமா, கிணற்றுக்கட்டு எத்தனை அடி, அம்மம்மா எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போடுகிறார் என்று பார்க்கட்டும். பின்னேரப் படகு போய்விடுமே என்று மணிக்கூட்டைப் பார்க்கிற முறை இனி அவருடையது.